கணிதக் கோவைக்கு ஒரு முகப்பு

திருகோணமலைத் துறைமுகத்தை அடுத்த பாடசாலைகளிற் பயிலும் மாணவர் ஒருவர் தம் கணிதக் கோவைக்கு முகப்பு வரைய அமர்ந்தால், கோணேசர் மலையும் அதன் அடிவாரத்தில் அலைமோதும் சமுத்திரமுமே முதலில் மனத்தில் எழுவது சகஜம். அழகுதான், ஆயினும் அதே சித்திரத்தைச் சமயபாடக் கோவையிலும் ஒட்டிவிடலாமன்றோ? கணிதத்துக்கே உரிய சித்திரம் வீட்டு வாசலிலேயே கிடக்கிறது. ஒன்று, மூன்று, ஐந்து, ஏழு என வரிசைதோறும் புள்ளிகளைப் பெருக்கி, மீண்டும் ஐந்து, மூன்று, ஒன்று எனக் குறைத்து இடும் கோலத்தில், நடுவரிசை வரையிலான புள்ளிகள் 16, எஞ்சியவை 9, மொத்தம் 25 என மூன்று வர்க்க எண்கள் ஒளிந்திருக்கின்றன. சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரிப் பேராசிரியர் கிஃப்ட் சிரோமணியும் உடனாய்வாளரும் இத்தகைய கோலங்களின் இலக்கணத்தை ஆராய்ந்து, 1974ஆம் ஆண்டில் கணினி விஞ்ஞானக் கட்டுரையே வெளியிட்டனர்.

துளையிடுவதற்கென இடப்புறத்தில் ஓர் அங்குலம் ஒதுக்கிவிட்டு, புள்ளிகளைப் பென்சிலால் மெல்லெனக் குறித்து, அவற்றைச் சுற்றி வளையும் கோட்டை மையால் இழுத்து, மை நன்கு உலர்ந்தபின்னரே பென்சிற் கறையை அழித்து, பெயர், தரம், பாடம் ஆகியவற்றைக் கோலத்தின்மீது படாமல் கீழே ஸ்பஷ்டமாக எழுதுவது உத்தமம். மினுமினுப்புத் தூள் மட்டும் வேண்டவே வேண்டாம். அது உள்ளிருக்கும் விடைத்தாள்களிலெல்லாம் ஒட்டிக்கொள்ளும்.