காற்றக மின்தூண்டி

காற்றக மின்தூண்டி என்பது இரும்பு முதலிய காந்த உள்ளகம் எதுவுமின்றி, காப்பிடப்பட்ட செப்புக்கம்பியைச் சுருளாகச் சுற்றி அமைக்கப்படும் மின்தூண்டி ஆகும். ஒலிபெருக்கிப் பெட்டிகளில் தாழ்ந்த ஒலிகளை வூஃபருக்கும் உயர்ந்த ஒலிகளை டுவீட்டருக்கும் பிரித்தனுப்பும் கிராஸ்ஓவர் சுற்றில் இது பயன்படுகிறது. இதனை வீட்டிலேயே கையால் சுற்றிக்கொள்ள இயலும்.

செயற்பாடு

மின்தூண்டியின் மறுப்பு, அதிர்வெண் கூடக்கூட அதிகரிக்கும். எனவே வூஃபருடன் தொடராக இணைக்கப்படும் சுருள், உயர்ந்த ஒலிகளைத் தடுத்துத் தாழ்ந்தவற்றை விடுகிறது. 8 ஓம் வூஃபரை 2500 ஹெர்ட்சில் பிரிக்க ஏறத்தாழ 0.51 மில்லிஹென்றி தூண்டம் தேவை. இரும்பு உள்ளகம் மிகுந்த மின்னோட்டத்தில் தெவிட்டி ஒலியைத் திரிக்கக்கூடும். காற்றகத்தில் இக்குறை இல்லை. ஆனால் கம்பி கூடுதலாகத் தேவைப்படும்.

கணக்கீடு

அமெரிக்கப் பொறியாளர் ஹரோல்டு வீலர் 1928இல் சுருள்களுக்கான எளிய வாய்பாடுகளை வெளியிட்டார். பல அடுக்குச் சுருளுக்கான வாய்பாடு:

தூண்டம் = 0.0315 × ஆ² × சு² ÷ (6ஆ + 9அ + 10த)

இதில் ஆ சராசரி ஆரம், அ சுருளின் அகலம், த அடுக்குகளின் மொத்தத் தடிப்பு (மூன்றும் மில்லிமீட்டரில்), சு சுற்றுகளின் எண்ணிக்கை. விடை மைக்ரோஹென்றியில் கிடைக்கும்.

உள்விட்டம் 30 மி.மீ., அகலம் 15 மி.மீ., தடிப்பு 15 மி.மீ. எனில் சராசரி ஆரம் 22.5 மி.மீ. ஆகும். இவ்வளவில் 116 சுற்றுகள் 0.51 மில்லிஹென்றியைத் தரும்.

கம்பி

காரைக்குடி உள்ளிட்ட தமிழக ஊர்களில் மோட்டார் சுருள் சுற்றும் கடைகள் பயன்படுத்தும் எனாமல் பூசிய செப்புக்கம்பியே இதற்கும் ஏற்றது. இது கேஜ் எண்ணால் குறிக்கப்பட்டு எடைக்கணக்கில் விற்கப்படுகிறது. எண் கூடினால் கம்பி மெலியும். மேற்கண்ட சுருளுக்கு 18 கேஜ் கம்பி (1.22 மி.மீ.) 16.4 மீட்டர், அதாவது ஏறத்தாழ 170 கிராம் தேவை. அதன் மின்தடை 0.24 ஓம். அதே நீளத்திற்கு 28 கேஜ் கம்பியின் மின்தடை 2.5 ஓம். அந்நிலையில் மின்திறனில் ஏறத்தாழ கால் பங்கு சுருளிலேயே வெப்பமாக வீணாகும்.

சுற்றும் முறை

மரம் அல்லது பிளாஸ்டிக்கினால் ஆன பாபினில் கம்பியை இழுத்துப் பிடித்து, இடைவெளியின்றி ஒரே திசையில் சுற்ற வேண்டும். தூண்டம் சுற்றுகளின் இருமடியைப் பொறுத்தது. 10% சுற்றுகள் குறைந்தால் தூண்டம் 19% குறைந்து, பிரிப்பு அதிர்வெண் 3100 ஹெர்ட்சை நெருங்கும். ஆகவே சில சுற்றுகளைக் கூடுதலாகச் சுற்றி, எல்.சி.ஆர். மானியால் அளந்து, மிகுதியைப் பிரித்தெடுப்பது வழக்கம். பின்னர் வார்னிஷ் பூசினால் கம்பிகள் அதிராமல் நிலைக்கும். முனைகளில் எனாமலைச் சுரண்டிய பின்பே பற்றவைக்க வேண்டும்.

பொருத்துதல்

இரும்புத் திருகாணி தூண்டத்தை மாற்றிவிடும் என்பதால் பிளாஸ்டிக் பட்டையால் கட்டுவது நன்று. ஒரே பெட்டியில் இரு சுருள்கள் இருப்பின், ஒன்றின் காந்தப்புலம் மற்றதைப் பாதிக்காதவாறு அவற்றை விலக்கி, அச்சுகள் செங்குத்தாக அமையுமாறு பொருத்த வேண்டும்.