மரத்தூள் கலந்த ஐஸில் ஒரு போர்க்கப்பல்!

வில்லியனூர், பாகூர் பக்கம் பழைய ஆட்களைக் கேட்டுப் பாருங்கள். ஃப்ரிட்ஜ் வராத காலத்தில் ஐஸ் பாரை மரத்தூளோ உமியோ போட்டு மூடி, கோணியில் சுற்றி வைப்பார்கள். வெயில் உள்ளே போகாது, சீக்கிரம் கரையாது. அந்த மரத்தூளை மேலே தூவாமல், தண்ணீரிலேயே கலந்து உறைய வைத்தால்?

இரண்டாம் உலகப் போரில் பிரிட்டன் அதை வைத்து விமானம் தாங்கிக் கப்பலே கட்டப் பார்த்தது. நிஜமாகத்தான்!

1942. அட்லான்டிக் கடலில் ஜெர்மன் நீர்மூழ்கிகள் சரக்குக் கப்பல்களை மூழ்கடித்துக்கொண்டிருந்தன. கரையிலிருந்து கிளம்பும் விமானங்களால் நடுக்கடல் வரை காவல் போக முடியவில்லை. எஃகுக்கும் தட்டுப்பாடு. 'ஐஸிலேயே ஒரு விமானதளத்தை மிதக்கவிடுவோம்' என்றார், ராணுவத்துக்கு யோசனை சொல்லும் வேலையில் இருந்த ஜெஃப்ரி பைக். நீளம் 2,000 அடி! சர்ச்சிலுக்கும் பிடித்துப்போனது. பைபிள் தீர்க்கதரிசி ஆபகூக்கின் பெயரையே ரகசியப் பெயராக வைத்தார்கள்.

வெறும் ஐஸ் அடித்தால் நொறுங்கும். 14 சதவிகிதம் மரக்கூழ் சேர்த்தால் கல்லாகிவிடும். இதைச் சோதித்தவர் மேக்ஸ் பெருட்ஸ். ஆஸ்திரியாக்காரர் என்பதால் 1940-ல் 'எதிரி நாட்டவர்' என்று பிரிட்டன் இவரைப் பிடித்து, கனடா முகாமுக்கு அனுப்பியது. அதே பிரிட்டன்தான் பிறகு, லண்டன் இறைச்சிச் சந்தையின் குளிர்கிடங்கில் இந்த ரகசிய வேலையை அவரிடம் கொடுத்தது! (1962-ல் வேதியியல் நோபல் வாங்கியவரும் இவரே. அது ஹீமோகுளோபின் ஆராய்ச்சிக்கு.)

1943 ஆகஸ்ட், கியூபெக் மாநாடு. பின்னாளில் நமக்குக் கடைசி வைஸ்ராயாக வந்த மவுன்ட்பேட்டன், தளபதிகள் முன்னால் இரண்டு கட்டிகளை வைத்துச் சுட்டார். சாதா ஐஸ் சிதறியது. மரக்கூழ் ஐஸில் பட்ட தோட்டாவோ தெறித்து, நின்றவர்களின் கால்பக்கம் பாய்ந்தது. நல்லவேளை, உயிர்ச்சேதம் இல்லை.

கனடாவின் பட்ரீசியா ஏரியில் 60 அடி மாதிரி ஒன்றும் மிதந்தது. அதைக் குளிர்விக்க ஒரு குதிரைத்திறன் மோட்டார் போதுமாக இருந்தது. நம் வீட்டுத் தண்ணீர் மோட்டார் அளவுதான்! கட்டியவர்களில், மனசாட்சிப்படி போருக்குப் போக மறுத்தவர்களும் உண்டு. எதைக் கட்டுகிறோம் என்று அவர்களிடம் சொல்லவில்லை. எனக்கு இதுதான் உறுத்துகிறது.

கப்பல் ஏன் வரவில்லை? மைனஸ் 15 டிகிரி குளிரில் வைக்காவிட்டால் அவ்வளவு பெரிய ஐஸ் தன் எடையிலேயே மெள்ளத் தொய்யும். அதற்குக் குழாய்கள், இயந்திரங்கள், காப்புச் சுவர்... எஃகை மிச்சம்பிடிக்க வந்த திட்டம் எஃகையே கேட்டது. அதற்குள் நெடுந்தூரம் பறக்கும் விமானங்களும் வந்துவிட்டன.

வீட்டில் செய்து பார்க்கலாம். 14 கிராம் மரத்தூள், 86 மி.லி தண்ணீர். நன்றாகக் கலந்து டப்பாவில் ஊற்றி, ராத்திரி முழுக்க ஃப்ரீஸரில் வையுங்கள். இன்னொரு டப்பாவில் வெறும் தண்ணீர். காலையில் இரண்டையும் திண்ணையில் வைத்து, எது முதலில் கரைகிறது என்று பிள்ளைகளைப் பார்க்கச் சொல்லுங்கள்.