நாணயச் சோதனையும் வர்க்கமூலமும்

லண்டன் நாணயச்சாலையின் காசுகளில் சிலவற்றை எடுத்து, ஒன்றுசேர்த்து நிறுத்துச் சோதிக்கும் வழக்கம் 13ஆம் நூற்றாண்டிலேயே இருந்தது. ஒரு காசுக்கு அனுமதித்த குறைவைப் போல் நூறு மடங்கை நூறு காசுக்கும் அனுமதித்தனர். அது பிழையாகும். ஒரு காசின் மிகை மற்றொன்றின் குறையை ஈடுசெய்யுமன்றோ? ஆதலின், மொத்தத்தின் விலக்கம் எண்ணிக்கையின் வர்க்கமூல அளவே வளரும். சராசரியின் விலக்கமோ அவ்வளவால் சுருங்கும். இவ்வுண்மையை டி முவாவர் 1733இல் எழுதினார்.

காசு ஒன்றின் திட்ட விலக்கம் 2 மில்லிகிராம் என்க. 100 காசுகளின் சராசரிக்கு அது 2÷10=0.2. நேர்மையாக அச்சிட்டால், சராசரி 0.4க்கு மேல் குறைவது, இயல்நிலைப் பரவலின்படி, நூற்றுக்குச் சுமார் இரண்டு முறையே. பழைய விதிப்படி காசுக்கு 4 அனுமதித்தால், சராசரியும் 4 வரை குறையலாம். பத்து மடங்குச் சலுகை! களவுக்கு வேறு கதவு வேண்டுமா?