வயிற்றிலே சிகிச்சை, தோளிலே நோவு



நோவுகளுள் மிகக் கொடியது எது என்று கேட்டால், காரணம் விளங்காத நோவே என்பேன். வழியிற் கிடந்த கல்லிற் கால் இடறினால் நோகத்தான் செய்கிறது. எனினும் அதற்கு நாம் அஞ்சுவதில்லை. ஆனால், வயிற்றிலே சத்திர சிகிச்சை செய்துகொண்ட ஒருவருக்கு மறுநாள் வலத்தோளிலே நோவு எழுந்தால் அவர் மனம் என்ன பாடுபடும்? வைத்தியர் கை வைத்தது வயிற்றில்; நோவு எழுந்தது தோளில். இந்தப் புதிரை விடுவிப்பதே இன்றைய பேச்சின் நோக்கம். நான் வைத்தியனல்லன், பள்ளிக்கூட ஆசிரியன். கற்றவர் கூறுவதை எளிதாக எடுத்துச் சொல்வதே என் தொழில்.

முன்னாளிற் பித்தப்பையை அகற்ற வேண்டுமாயின் வயிற்றை நீளமாகக் கீறுவார்கள். இன்றோ ஐந்து முதற் பன்னிரண்டு மில்லிமீற்றர் வரையுள்ள சில சிறு துவாரங்களே பெரும்பாலும் போதுமானவை. ஒன்றின் வழியாக ஒளியும் கமராவும் பொருந்திய குழாய் உள்ளே செல்லும். ஏனையவற்றின் வழியாகக் கருவிகள் செல்லும். இதனையே லப்பரொஸ்கோப்பிச் சத்திர சிகிச்சை என்பர். ஆனால், வயிற்றின் உள்ளே உறுப்புகள் ஒன்றோடொன்று நெருங்கிக் கிடக்கின்றன. மடித்து வைத்த பாயின் உட்புறத்தைப் பார்க்க வேண்டுமாயின் அதை விரித்தாக வேண்டும் அல்லவா? ஆகவே வைத்தியர் காபனீரொட்சைட்டு என்னும் வாயுவைச் செலுத்தி, வயிற்றுச் சுவரைக் கூடாரம்போல உயர்த்துகின்றார். அவ்வாயுவின் அமுக்கம் வழக்கமாக இரசத்தின் 12 முதல் 15 மில்லிமீற்றர் அளவில் நிறுத்தப்படும்.

இம்முறை ஒரே நாளில் உருவானதன்று. 1901ஆம் ஆண்டில் ஜேர்மனியரான ஜோர்ஜ் கெல்லிங் என்பவர் ஒரு நாயின் வயிற்றினுட் காற்றைச் செலுத்திக் குழாய் வழியே நோக்கினார். 1910இல் சுவீடன் தேசத்து யாக்கோபியஸ் மனிதரில் இதனைச் செய்து வெளியிட்டார். காற்றுக்குப் பதிலாகக் காபனீரொட்சைட்டைப் பயன்படுத்தலாம் என்று 1924இல் சுவிற்சர்லாந்தின் சொலிக்கோபர் எடுத்துக்காட்டினார். 1985இல் ஜேர்மனியில் எரிக் மியூகே என்பவர் இவ்வழியாற் பித்தப்பையை அகற்றினார். காபனீரொட்சைட்டைத் தெரிந்தெடுத்ததற்குத் தக்க காரணங்கள் உண்டு. அது தீப்பற்றாதது, குருதியில் எளிதிற் கரைவது, கரைந்தபின் சுவாசப்பையை அடைந்து, நாம் விடும் மூச்சோடு வெளியேறிவிடுவது.

சிகிச்சை முடிந்ததும் வைத்தியர் இவ்வாயுவை இயன்றவரை வெளியேற்றிவிடுவார். எனினும் சிறிது எஞ்சி நிற்கும். நோயாளி நிமிர்ந்து இருக்கும்போது அது மேலெழுந்து, நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் பிரிமென்றகட்டின் கீழே தங்கும். முன்னரே விரிந்து களைத்த அம்மென்றகடு, இவ்வாயுவினாலும் உறுத்தலடைகின்றது. அதற்குத் தோள் ஏன் நோக வேண்டும்?

தாயின் கருவிலே பிரிமென்றகடு முதன்முதல் உருவாவது கழுத்துப் பகுதியிலேயாம். பின்னரே அது கீழிறங்குகின்றது. ஊர் விட்டு ஊர் சென்றவர் பிறந்த ஊரின் உறவைக் கைவிடாதது போல, அதன் நரம்பும் கழுத்தின் முண்ணாணிலிருந்தே இன்றும் வருகின்றது. தோளின் தோலிலிருந்து செல்லும் நரம்புகளும் அவ்விடத்தையே சேர்கின்றன. ஒரே தபாற்கந்தோருக்கு இரண்டு ஊர்களின் கடிதங்கள் வருகின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். தோள் என்னும் ஊரிலிருந்து நாள்தோறும் கடிதம் வரும். பிரிமென்றகடு என்னும் ஊரோ எப்போதாவதுதான் எழுதும். ஆகவே அபூர்வமாக வந்த அக்கடிதத்தையும் மூளை தோளிலிருந்து வந்ததாகவே எண்ணிவிடுகின்றது. தோளிலே குற்றம் எதுவும் இல்லை, முகவரிதான் பிழை.

எனக்குத் தெரிந்த ஆசிரியை ஒருவர் பித்தப்பைச் சிகிச்சை பெற்று இரண்டாம் நாளே வீடு திரும்பினார். அன்றிரவு தோள்நோவு கண்டது. கணவர் தைலம் தேய்த்தார், பலனில்லை. “ஏதோ தவறு நடந்துவிட்டது, எனக்கு மறைக்கிறார்கள்” என்று அவர் அழத் தொடங்கினார். அசைந்தால் தையல் விட்டுவிடும் என்று உறவினர் சொன்னமையால் கட்டிலை விட்டு எழவும் இல்லை. மறுநாட் காலையில் அயலிலிருந்த தாதி ஒருவர் வந்து, நாடியையும் மூச்சையும் வயிற்றையும் பார்த்துவிட்டு, நான் இப்போது கூறியதையே இரண்டு நிமிடத்தில் விளக்கினார். நோவு உடனே நீங்கிவிடவில்லை. ஆனால் அச்சம் நீங்கிற்று. அன்று மாலை அவர் முற்றத்தில் நடந்தார்.

நம்மவரிடையே குழப்பம் விளைவது “வாயு” என்ற ஒரே சொல்லால் இரண்டு வேறு பொருள்களைக் குறிப்பதனாலேயாம். ஒன்று, வைத்தியர் செலுத்திய வாயு; அது குடலுக்கு வெளியே இருப்பது; மூச்சின் வழியே போவது. மற்றையது, குடலினுள்ளே சேரும் வாயு. மயக்க மருந்தினாலும் நோவு மருந்துகளாலும் குடலின் அசைவு மந்தமாவதால் அது தேங்கி வயிற்றை உப்பச் செய்கின்றது. சோடா குடித்து ஏப்பம் விட்டால் தோள்நோவு தீரும் என்பது வீண் நம்பிக்கை. ஏப்பத்தின் வழி வேறு, அவ்வாயுவின் வழி வேறு. சோடா குடலில் மேலும் வாயுவைச் சேர்க்குமேயன்றிக் குறைக்காது.

முதலாவது வாயுவுக்குச் செய்யத்தக்கவை எவை? பெரும்பாலாருக்கு இந்நோவு இரண்டு மூன்று நாட்களிற் குறைந்து, ஒரு வாரத்துள் மறையும். நிமிர்ந்திருக்கையில் நோவு மிகுந்தாற் சிறிது நேரம் படுத்திருங்கள். மென்றகட்டை விட்டு வாயு சற்றே விலகும். ஆறுதலாக ஆழ்ந்து மூச்செடுத்து விடுங்கள். வெந்நீர்ப் போத்தலைத் துவாயிற் சுற்றித் தோளிற் பத்துப் பதினைந்து நிமிடம் வைக்கலாம், காயத்தின்மேல் வைத்தலாகாது. இருமும்போது தலையணையொன்றை வயிற்றோடு அணைத்துக்கொண்டால் தையலிடத்து நோவு குறையும். எழும்போது நேரே நிமிராமல், ஒருக்களித்துத் திரும்பிக் கையை ஊன்றி எழவேண்டும்.

இரண்டாவது வாயுவுக்கு நடையே முதல் மருந்து. வைத்தியர் அனுமதித்தவுடன் சில அடிகளேனும், நாளிற் பலமுறை நடத்தல் வேண்டும். அது குடலை எழுப்புவதோடு, காலிற் குருதி உறையாமலும் காக்கும். நடக்கலாம் என்பதனாற் கிணற்றில் நீர் அள்ளலாம், குடம் தூக்கலாம் என்று கொள்ளற்க. அதற்கு வைத்தியர் குறிக்கும் நாள்வரை பொறுத்திருக்க வேண்டும். கஞ்சி போன்ற இலகுவான உணவைச் சிறிது சிறிதாகப் பலமுறை உண்பது நன்று. பருப்பு, கடலை, கோவா என்பவற்றைச் சில நாள் குறைத்துக்கொள்ளலாம். இளஞ்சூடான கொத்தமல்லித் தண்ணீர் தொண்டைக்கும் மனத்துக்கும் இதமானது. அதையே மருந்தென்று நம்பி வைத்தியர் தந்ததை விட்டுவிடலாகாது. காற்றுப் பிரிந்ததா என்று தாதி கேட்டால் நாணி மறைக்காதீர்கள். குடல் விழித்துவிட்டது என்பதற்கு அது ஒரு நற்செய்தி.

மருந்து பற்றியும் ஒரு வார்த்தை. பரசிற்றமோலும் பனடோலும் ஒன்றே. பெயர் வேறாயிருத்தலால் இரண்டையும் சேர்த்து விழுங்குவோர் உளர். அது ஈரலுக்குக் கேடு. வளர்ந்தவர் ஒரு நாளில் எடுக்கத்தக்க உச்ச அளவு நான்கு கிராம், அதாவது 500 மில்லிகிராம் வில்லைகள் எட்டு. ஈரல் நோயுடையோரும் மெலிந்தோரும் அதனினும் குறைவாக, வைத்தியர் சொற்படியே எடுத்தல் வேண்டும். கொடேயின் சேர்ந்த மாத்திரைகள் மலச்சிக்கலை உண்டாக்கும் என்பதையும் நினைவிற் கொள்க.

இனி, இன்றைய பேச்சில் மிக முக்கியமான பகுதிக்கு வருகின்றேன். நாள் செல்லச் செல்லக் குறைவதே வாயு நோவின் இலக்கணம். நாள் செல்லச் செல்ல வயிற்றுநோவு வளருமாயின், காய்ச்சல் கண்டால், வாந்தி ஓயாதிருந்தால், வயிறு மேன்மேலும் வீங்கிக் காற்றும் மலமும் போகாதிருந்தால், கண்ணோ தோலோ மஞ்சளித்தால், காயம் சிவந்து சீழ் வடிந்தால், அதனை வாயு என்று தள்ளிவிடாது வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். மூச்சுத் திணறல், நெஞ்சை அழுத்தும் நோவு, குளிர்ந்த வியர்வை, மயக்கம், ஒரு காலில் மட்டும் நோவும் வீக்கமும் என்பவற்றுள் எது கண்டாலும் சிறிதும் தாமதிக்கலாகாது. தோள்நோவோடு இவை சேர்ந்து வருமாயின் அது இருதயத்தின் அல்லது சுவாசப்பையின் ஓலமாகவும் இருக்கலாம். நம் நாட்டிலே 1990 என்ற இலக்கத்தை அழைத்தால் இலவச அம்புலன்ஸ் வண்டி வரும்.

நேயர்களே, அஞ்சத் தேவையில்லாததற்கு அஞ்சி நித்திரையை இழப்பதும், அஞ்ச வேண்டியதை அலட்சியம் செய்து உயிரை இழப்பதும் ஆகிய இரண்டும் அறியாமையின் விளைவுகளே. சிகிச்சைக்கு முன்னரே வைத்தியரிடம், “எனக்குத் தோள்நோவு வருமா? எத்தனை நாள் இருக்கும்? எப்போது நான் திரும்பி வரவேண்டும்?” என்று மூன்று கேள்விகளைக் கேளுங்கள். பதிலை வீட்டார் அறிய எழுதி வையுங்கள். நோவு வந்தாலும், அதனோடு திகைப்பு வராது.