சினைச் சிங்கியைக் கடலிலேயே விடுங்கள்

குமரி மாவட்டத்தில் குளச்சல், கடியப்பட்டணம், முட்டம் ஆகிய ஊர்களை ஒட்டிய கடலடிப் பாறைகள் சிங்கி இறாலுக்குப் பெயர் பெற்றவை. இங்குக் கிடைப்பவற்றில் முக்கியமானது 'பானுலிரஸ் ஹோமாரஸ்' என்னும் இனம். நண்டுக்கு உள்ளது போன்ற பெரிய இடுக்கிகள் இதற்குக் கிடையா. முட்கள் நிறைந்த இரு நீண்ட கொம்புகளே இதற்குக் காவல். பகலில் பாறை இடுக்குகளில் பதுங்கியிருக்கும். இரவில் வெளிவந்து சிப்பி முதலியவற்றைத் தின்னும்.

இனப்பெருக்கம்

பெண் சிங்கி தன் முட்டைகளை வாலின் அடியில் ஒட்டவைத்துச் சுமக்கிறது. உடலின் அளவுக்கேற்ப ஒரு லட்சம் முதல் பல லட்சம் முட்டைகள் இருக்கும். முதலில் ஆரஞ்சு நிறமாயிருக்கும் முட்டைகள் பொரிக்கும் சமயத்தில் பழுப்பாகிவிடும். வெளிவரும் குஞ்சுகள் இலை போலத் தட்டையாகவும், கண்ணாடி போலத் தெளிவாகவும் இருக்கும். இவை பல மாதங்கள் கடலில் மிதந்து, பல முறை தோலுரித்த பிறகே கரையோரப் பாறைகளை அடைகின்றன. வழியில் அழிபவையே அதிகம். இளம்பருவம் இவ்வளவு நீண்டதாயிருப்பதால் பொரிப்பகத்தில் குஞ்சு வளர்ப்பதும் கடினம்.

கூடும் வலையும்

பனைமட்டை நாரால் பின்னிய கூட்டில் சிப்பியை இரையாக வைத்துப் பாறையருகே இறக்குவது இப்பகுதியின் பழைய முறை. கூட்டில் அகப்படும் சிங்கி காயமின்றி உயிருடன் கிடைக்கும். வேண்டாததைத் திரும்ப விடவும் முடியும். வலையில் சிக்கியதைப் பிரிக்கும்போது காலும் கொம்பும் ஒடிகின்றன. ஒடிந்த சிங்கிக்கு விலை குறையும். கடலில் விட்டாலும் பிழைப்பது அரிது.

எடை வரம்பு

200 கிராமுக்குக் குறைந்த சிங்கிகளில் பல, ஒரு முறைகூட முட்டையிடாதவை. இந்த இனத்தை ஏற்றுமதி செய்ய முழுச் சிங்கி குறைந்தது 200 கிராம் இருக்க வேண்டும் என மத்திய அரசு 2003-ல் விதித்தது. உள்ளூர்ச் சந்தையிலும் இதைக் கடைப்பிடிப்பது நல்லது.

மீனவர்கள் கவனிக்க வேண்டியவை

1. கரைக்குக் கொண்டுவராமல், பிடித்த இடத்திலேயே சினைச் சிங்கியையும் சிறியவற்றையும் உடனே விட்டுவிடுங்கள்.

2. பாறைப் பகுதியில் வலையை விடக் கூட்டையே பயன்படுத்துங்கள்.

3. பிடித்ததை வெயிலில் போடாமல், நனைந்த சாக்கால் மூடி நிழலில் வையுங்கள். உயிருள்ள சிங்கிக்கே நல்ல விலை.

வியாபாரிகளும் சினைச் சிங்கியை வாங்க மறுத்தால் இம்முறை விரைவில் வழக்கத்துக்கு வரும். ஒரு சினைச் சிங்கியை விற்றால் ஒரு நாள் காசு. விட்டால் வரும் ஆண்டுகளின் பாட்டுக்கு வித்து.