மணமும் மஞ்சளும்: இல்லத் தோட்டத்தில் பொன்னிற ரோசா

பூவுக்கு நிறம் உடல், மணம் உயிர். கண்ணைக் கவரும் மலர்கள் பல. நெஞ்சை நிறைக்கும் மலர்கள் சில. நிறமும் மணமும் ஒருங்கே அமையப்பெற்றவற்றுள் நறுமணம் கமழும் மஞ்சள் ரோசாவும் ஒன்று. முற்றத்தில் இச்செடி ஒன்றையேனும் வளர்த்து, அதில் மலரும் பூவைப் பறித்து இறைவன் திருவுருவின் முன் வைக்கவேண்டும் என்னும் விருப்பம் அன்பர் பலர்க்கு உண்டு.

ஆயினும், ஆவலுடன் வாங்கி நட்ட செடி ஓராண்டு நிறைவதற்குள் இலையெல்லாம் உதிர்ந்து பட்டுப்போகின்றது. சில இல்லங்களில் செடி நன்கு தழைத்தும் மஞ்சள் மலர் வருவதில்லை. எங்கோ காட்டில் பூப்பது போன்ற சிறு பூக்களே வருகின்றன. வேறு சில இல்லங்களில் மலர் பொன்போல் விரிந்தும் அதில் மணம் இருப்பதில்லை. இவற்றைத் தம் கைராசியின் குறை என்று எண்ணி வருந்துவோர் உளர். இவை கைராசியால் வருவன அல்ல. மஞ்சள் ரோசா தோன்றிய வரலாற்றையும், செடி விற்பனைக்கு ஆயத்தமாகும் முறையையும் அறிந்தால் மூன்று குறைகளுக்கும் காரணம் விளங்கும். அவற்றை நீக்கும் வழியும் புலப்படும்.

மஞ்சள் வந்த வழி

கபிலர் இயற்றிய குறிஞ்சிப்பாட்டில் 99 மலர்கள் அடுக்கிக் கூறப்பெற்றுள்ளன. அவற்றுள் ரோசா இல்லை. பிற்காலத்தில் நம் நாட்டுக்கு வந்த விருந்து இது. வந்த விருந்தைத் தமிழகம் மணமாலையிலும் வழிபாட்டிலும் ஏற்றுக்கொண்டது.

ஒரு காம்பின் நுனியில் ஒரு பெருமலராக நீண்ட மொட்டு விரியும் வகையைத் தோட்டக்கலையார் ‘ஹைபிரிட் டீ’ என வழங்குவர். சீன நாட்டிலிருந்து ஐரோப்பாவுக்குச் சென்ற ஒருவகை ரோசா, தேயிலையின் நறுமணத்தை நினைவூட்டியமையால் ‘டீ ரோசா’ எனப்பட்டது. அதனை ஐரோப்பியச் செடிகளோடு கலந்து பெற்ற இனமே இது. பிரான்சு நாட்டின் லியோன் நகரத்தில் கியோ என்பவர் 1867-இல் வெளியிட்ட ‘லா பிரான்சு’ என்னும் இளஞ்சிவப்பு ரோசா இவ்வினத்தின் முதற்செடி எனக் கருதப்படுகின்றது.

அக்காலத்தில் வெளிர்மஞ்சள் ரோசாக்கள் இருந்தன. பொன்போன்ற ஆழ்ந்த மஞ்சள் மட்டும் இவ்வினத்தில் இல்லை. அந்நிறம் மேற்காசியப் பகுதியில் வளரும் வேறொரு செடியில் இருந்தது. ‘பாரசீக மஞ்சள்’ என்பது அதன் அடுக்குப்பூ வகை. ஆனால் அதன் வாடை பலர்க்கும் உவப்பானதன்று. ‘தீய நாற்றமுடையது’ என்னும் பொருள்படவே தாவரவியலார் இலத்தீன் மொழியில் அதற்குப் பெயரிட்டனர். லியோன் நகரத்தைச் சேர்ந்த பெர்னே துசேர் என்பவர் பல ஆண்டுகள் உழைத்து, பாரசீக மஞ்சளின் மகரந்தத்தைப் பிற ரோசாவுடன் சேர்த்து, 1900-இல் ‘பொற்கதிரவன்’ எனப் பொருள்படும் ‘சொலேய் தோர்’ என்னும் செடியை உலகுக்கு அளித்தார். அவ்வழியில் 1920-இல் தூய மஞ்சள் நிறமுடைய மற்றொரு ரோசாவை வெளியிட்டு, முதல் உலகப் போரில் தாம் இழந்த மகனின் நினைவாக அதற்குக் ‘கிளாடியசு பெர்னே’ என்று பெயர் சூட்டினார். இன்றைய மஞ்சள் ரோசாக்களுள் பெரும்பாலானவை இத்தந்தையின் உழைப்பில் கிளைத்தவை.

இவ்வரலாற்றிலிருந்து அறியத்தக்க உண்மை ஒன்றுண்டு. ஆழ்ந்த மஞ்சள் ஒரு வழியில் வந்தது; இன்மணம் வேறொரு வழியில் வந்தது. நிறம் வந்த வழியிலேயே இலைக்கரும்புள்ளி நோய்க்கு எளிதில் ஆட்படும் தன்மையும் உடன் வந்தது. எனவே மஞ்சள் ரோசா வளர்ப்போர் மணத்தைத் தேடிப் பெறவேண்டும். இலையை விழிப்புடன் காக்கவேண்டும்.

செடியைத் தெரிந்தெடுத்தல்

புகழ் வேறு, மணம் வேறு. இரண்டாம் உலகப் போர் முடிவுற்ற 1945-இல் ‘அமைதி’ எனப் பொருள்படும் ‘பீசு’ என்னும் பெயர் பெற்ற மஞ்சள் ரோசா உலகப் புகழ் வாய்ந்தது. எனினும் அதன் மணம் மென்மையானதே. 1950-இல் அமெரிக்காவில் வெளியான ‘சட்டர்சு கோல்டு’ என்னும் பொன்னிற ரோசாவோ கனிந்த பழம்போல மணப்பது. நறுமணத்திற்கென வழங்கப்பெறும் பதக்கத்தை 1966-இல் பெற்றது. பூக்கடைகளில் காணப்பெறும் நீண்ட காம்பு ரோசாக்கள் பெரும்பாலும் பல நாள் வாடாதிருத்தலையும் தொலைவுக்கு அனுப்பத் தாங்குதலையும் கருதி உருவாக்கப்பெற்றவை. ஆதலின் அவற்றுள் பலவற்றுக்கு மணம் குறைவு.

ஆகவே நர்சரியில் படத்தையோ பெயர்ச்சீட்டையோ மட்டும் நம்பி வாங்கலாகாது. பூத்திருக்கும் செடியைக் காலை வேளையில் சென்று பார்த்து, பாதி விரிந்த மலரை முகர்ந்து அறிந்து வாங்குதல் நலம். முகர்ந்த மலர் பூசைக்கு ஆகாது என்பது மரபாதலின், சோதனையை வாங்கும் இடத்திலேயே முடித்துக்கொள்வது இருவகையாலும் பொருத்தமாகும்.

நடும் முறை

நாளொன்றுக்கு ஆறு மணி நேரமேனும் வெயில் படும் இடம் வேண்டும். காலை வெயில் மிகச் சிறந்தது. பனித்துளி விரைவில் உலரும். ஒன்றரை அடி நீளம், அகலம், ஆழம் உள்ள குழி தோண்டி, மேல்மண்ணுடன் ஏறத்தாழ 10 கிலோ மக்கிய தொழுவுரமும் சிறிது வேப்பம் பிண்ணாக்கும் கலந்து நிரப்புக. நீர் தேங்கும் மண்ணாயின் மணல் சேர்க்கவேண்டும். தொட்டியில் வளர்ப்போர் ஓரடிக்குக் குறையாத வாயும் ஆழமும் உடைய மண்தொட்டியை, அடியில் துளை அடைபடாதவாறு பயன்படுத்துக. அடைமழை ஓய்ந்த மார்கழி, தை மாதங்கள் சமவெளியில் நடுவதற்கு ஏற்றவை.

ஒட்டுக்குக் கீழே எழும் கிளை

விற்பனைக்கு வரும் ரோசாச் செடிகளிற் பல இரு செடிகளின் சேர்க்கை ஆகும். வேர் வலிமையான காட்டு ரோசாவினுடையது. அதன்மேல் நாம் விரும்பும் ரோசாவின் மொட்டு ஒட்டப்பட்டிருக்கும். ஒட்டிய இடம் தண்டின் அடியில் சிறு புடைப்பாகத் தெரியும். அப்புடைப்பு மண்ணுக்குச் சற்று மேலே இருக்குமாறு நடவேண்டும்.

புடைப்புக்குக் கீழிருந்தோ மண்ணுக்குள்ளிருந்தோ எழும் கிளை காட்டு ரோசாவின் கிளையாகும். அது விரைந்து வளர்ந்து, வேர் தரும் உணவையெல்லாம் தானே உண்டு, மேலே உள்ள மஞ்சள் ரோசாவை மெலிவித்து அழித்துவிடும். ‘செடி மாறிவிட்டது’ என்று வியப்போர் காண்பது இதனையே. இலையின் எண்ணிக்கையைக் கொண்டு அடையாளம் காண முயல்வது எப்பொழுதும் பயன் தராது. கிளை எழும் இடமே உறுதியான அடையாளம். அத்தகைய கிளையைக் கத்தரியால் நறுக்கினால் மீண்டும் தழைக்கும். மண்ணை விலக்கி, அது புறப்படும் இடத்தோடு பிய்த்து எடுத்துவிட வேண்டும்.

இலையைக் காத்தல்

கரும்புள்ளி நோய் ஒருவகைப் பூஞ்சையால் வருவது. இலை பல மணி நேரம் ஈரமாக இருந்தால்தான் அது பற்றும். எனவே மாலையில் செடியின்மேல் நீர் தெளித்தலைத் தவிர்த்து, காலையில் வேரடியில் மட்டும் ஊற்றுக. செடிகளுக்கு இடையே காற்று உலவ இடம் விடுக. புள்ளி விழுந்த இலை மீண்டும் தூய்மை பெறாது. அதனைக் கிள்ளி, உதிர்ந்த இலைகளோடு சேர்த்து அப்புறப்படுத்துக. ஒரு லிட்டர் நீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயும் சிறிது சோப்புக் கரைசலும் கலந்து, வெயில் தாழ்ந்தபின் பத்து நாட்களுக்கு ஒருமுறை தெளித்தல், பூச்சிகள் பெருகாமல் தடுக்கத் துணைபுரியும். கோடையில் இலையின் அடிப்புறம் செஞ்சிலந்தி தோன்றினால், விடியற்காலையில் அடிப்புறத்தில் நீரைப் பீய்ச்சிக் கழுவுக. வெயில் ஏறுமுன் இலை உலர்ந்துவிடும். வெளிர்நிறப் பூக்களை நாடிவரும் இலைப்பேன், இதழோரத்தைப் பழுப்பாக்கும். அத்தகைய மொட்டுகளை உடனே நீக்கிவிடுக.

கடும் நஞ்சு மருந்துகளை இல்லத் தோட்டத்தில் நாடாமை நன்று. இறைவனுக்குச் சாத்திய மலர் பிரசாதமாகத் திரும்பி வருகின்றது. அதனைப் பெரியோர் கண்களில் ஒற்றிக்கொள்கின்றனர். மகளிர் கூந்தலில் சூடுகின்றனர். குழந்தைகள் இதழைப் பிய்த்து வாயில் இடுவதும் உண்டு. புள்ளி விழுந்த நான்கு இலைகளைப் பொறுத்துக்கொள்ளலாம். நஞ்சு படிந்த ஒரு மலரைப் பொறுத்துக்கொள்ளலாகாது.

கவாத்தும் பறிக்கும் முறையும்

ஐப்பசி முதல் மார்கழி வரையுள்ள காலத்தில், மழை விட்ட நாளொன்றில் கவாத்து செய்தல் வேண்டும். உலர்ந்தவை, நோயுற்றவை, ஒன்றோடொன்று உராய்பவை ஆகிய கிளைகளை அடியோடு நீக்கி, வலிய கிளைகளைப் பாதியளவு வெட்டுக. வெளிப்புறம் நோக்கிய மொட்டுக்குச் சற்று மேலே, கூரிய கத்தரியால் சாய்வாக வெட்டுதல் முறை. வெட்டியபின் தொழுவுரம் இட்டு நீர் பாய்ச்சினால் ஏறத்தாழ 45 நாட்களில் மலர் காணலாம்.

பூவின் தலையை மட்டும் கிள்ளுதல் பலரின் வழக்கம். அதனால் காம்பு கருகி, அடுத்த கிளை மெலிந்து எழும். ஐந்து சிற்றிலைகள் கொண்ட இலைக்கு மேலே காம்புடன் வெட்டினால் புதுக்கிளை வலிவுடன் புறப்பட்டு மீண்டும் பூக்கும்.

மணம் நிறையும் வேளை

ரோசாவின் மணம் இதழ்களில் ஊறும் எண்ணெய்ப் பொருள்களால் ஆவது. நண்பகல் வெப்பத்தில் அவை காற்றில் கலந்து மறையும். மண் வறண்டு செடி வாடினாலும் மணம் குன்றும். ஆதலின் வேரடியில் சருகு பரப்பி ஈரத்தைக் காத்து, கதிரவன் எழுந்த சிறிது நேரத்தில், பாதி விரிந்த மலரைப் பறித்தல் வேண்டும். முற்றும் விரிந்த மலரை வழிபாட்டுக்குக் கொள்ளாது செடியிலேயே ஒருநாள் விட்டுவைத்தால், அவ்வழியே செல்வோர் அனைவர்க்கும் அதன் மணம் உரியதாகும்.

பிற நாட்டில் ஒருவர் பல்லாண்டு பொறுத்திருந்து பெற்ற பொன்னிறம் இன்று நம் முற்றத்திலும் மலர்கின்றது. அப்பொறுமையில் ஒரு சிறு பகுதியை நாமும் கைக்கொண்டால் போதும். காலையில் ஐந்து நிமிடம் செடியருகே நின்று, அடியில் எழும் கிளையையும் புள்ளி விழும் இலையையும் நோக்குதலே இதற்கு வேண்டும் முதன்மையான பணி. இல்லந்தோறும் நறுமலர் பூக்கவும், அம்மலர்கள் திருவடி சேரவும் இறையருள் துணைநிற்பதாக.