ராங்க் இல்லாத இடத்துல தலைமை

எங்க டீம்ல சர்வர் படுத்துட்டா மறுநாள் போஸ்ட்மார்ட்டம் மீட்டிங் இருக்கும். யாரையும் குறை சொல்லக்கூடாதுன்னு ரூல். ஆனா மேனேஜர் உள்ளே வந்தா ஜூனியர்ஸ் எல்லாம் ம்யூட்! நானும் அப்படித்தான் இருந்தேன்.

இதே சிக்கலுக்கு அமெரிக்க ராணுவம் 1970-களிலேயே ஒரு முறை கொண்டுவந்தது. பேரு, ஆஃப்டர் ஆக்‌ஷன் ரிவ்யூ. பயிற்சி முடிஞ்சதும் எல்லாரும் உட்கார்ந்து நாலு கேள்வி கேட்கணும்: என்ன நடந்திருக்கணும், என்ன நடந்தது, ஏன் அப்படி ஆச்சு, அடுத்த தடவை என்ன மாத்தணும். அந்த நேரத்துல ராங்க் ஓரமா இருக்கும். அதிகாரி போட்ட பிளான் சொதப்பியிருந்தா சிப்பாயே அதைச் சொல்லலாம்.

இந்தப் பழக்கத்தோட ஒருத்தர் இன்ஜினியரிங் படிக்க வந்தா? அமெரிக்காவில் இது புதுசில்ல. 1944-ல் வந்த ஜி.ஐ. பில் சட்டம் போர்வீரர்களின் படிப்புக்கு அரசே பணம் கொடுக்க வழி செய்தது. 1947-ல் கல்லூரியில் சேர்ந்தவர்களில் கிட்டத்தட்ட பாதிப் பேர் ராணுவத்திலிருந்து வந்தவர்கள்தான்.

இப்ப நினைச்சுப் பாருங்க. 26 வயசு முன்னாள் சார்ஜென்ட், 18 வயசுப் பசங்க மூணு பேரோட ஒரு ரோபோ புராஜெக்ட் பண்றார். ஆர்டர் போட்டா ஒருத்தனும் மதிக்க மாட்டான். அவங்களுக்கு அவர் ஒரு கிளாஸ்மேட், அவ்வளவுதான். ஆனா ரோபோ சுவத்துல மோதின அன்னைக்கு, 'சென்சார் கேபிளை நான்தான் தப்பா மாட்டினேன்'னு அவரே முதல்ல சொன்னா, கோட்ல தப்பு பண்ணின பையனும் தைரியமா வாயைத் திறப்பான். ராணுவத்துல இருந்து வகுப்புக்கு வர்ற தலைமைப் பண்புல உருப்படியானது இதுதான்னு நான் நினைக்கிறேன். குரலை உசத்துறது இல்ல.

அவருக்கே உதவி தேவைப்படும்போதுதான் கஷ்டம். 2009-ல் நடைமுறைக்கு வந்த புதிய ஜி.ஐ. பில் தர்றது பொதுவா 36 மாசத்துக்கான உதவி. வருஷத்துக்கு 9 மாசம்னு வெச்சா சரியா நாலு வருஷம். ஸ்கூல் முடிச்சுப் பல வருஷம் ஆனவருக்கு கால்குலஸ் லேசுல ஏறாது. அதுல ஒரு தடவை ஃபெயிலானா, அதை நம்பி நிக்கிற அடுத்தடுத்த பேப்பரும் தள்ளிப்போகும். டிகிரி கைக்கு வர்றதுக்குள்ள பணம் நின்னுடலாம்.

களத்துல பத்துப் பேருக்கு வழி காட்டினவருக்கு, எட்டு வயசு சின்னப் பையன்கிட்ட 'இந்த இன்டெக்ரல் புரியல, சொல்லிக்கொடு'ன்னு கேட்க நாக்கு எழாது. முதல் மிட்டெர்ம் பேப்பர் வந்த அன்னைக்கே அந்த நாலு கேள்வியையும் தன்கிட்டயே கேட்டுக்கிட்டா, மூணாவது கேள்விக்கு 'யார்கிட்டயும் டவுட் கேட்கல'ங்கிற பதில் அப்பவே வந்துடும். செமஸ்டர்ல இன்னும் பாதி மிச்சம் இருக்கும்.